காட்டுப்பன்றிக்குச் சிறு தோட்டா போதுமா?

கன்னியாகுமரி ஜில்லாவில் மலையடிவாரத்தை ஒட்டிப் பயிரிடும் குடியானவர்களுக்குக் காட்டுப்பன்றியால் நேரும் தொல்லையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. தோவாளை, கல்குளம், திருவட்டாறு, விளவங்கோடு ஆகிய தாலுகாக்களில் மலையை நோக்கியுள்ள விளைகளில் மரச்சீனி முற்றுந் தறுவாயில் ஓர் இரவில் கூட்டமாய் வந்து இறங்கும் பன்றிகள், உழவு மாடுகள் உழுததைப்போல் நிலத்தைக் கிளறிவிட்டுச் செல்கின்றன. அவை தின்றது கொஞ்சம். பிடுங்கி எறிந்தது அதிகம். வாழைக் கன்றுகளை அடியோடு சாய்த்துக் கிழங்கைக் குடைந்து தின்கின்றன. கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய இரு பூவிலும் கதிர் பால் பிடிக்குங் காலத்தில் மலையோர ஏலாக்களில் இறங்கி நெல்லை மிதித்து அழிக்கின்றன. பத்து மாதம் பாடுபட்டு வளர்த்த கிழங்கு ஒரே இரவில் போவதைக் காணும் குடியானவனுடைய மனம் எவ்வாறிருக்கும் என்பதை அனுபவித்தவரே அறிவர்.

இந்நிலையில், ‘பாயிண்ட் 22’ ரைபிள் என்று வழங்கும் சிறு துப்பாக்கி ஒன்று கையிலிருந்தால் பன்றியை ஒழித்துவிடலாமே என்ற எண்ணம் பலருக்கு உண்டாகிறது. அதன் தோட்டா மலிவானது, ஓசை குறைவு, தோளில் உதைக்காது, குறி தவறாது என்று அதற்கு ஆதரவாகப் பல காரணங்களும் கூறப்படுகின்றன. இவ்வெண்ணம் சரியானதா, அத்தோட்டா இவ்வேலைக்குப் போதுமானதா, சட்டம் அதைப்பற்றி என்ன கூறுகிறது என்பவற்றை இவ்வியாசத்தில் முறையே ஆராய்வோம்.

சிறு தோட்டாவின் இயல்பு

பாயிண்ட் 22 என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் குறிப்பது. ஓர் அங்குலத்தை நூறு பங்காக்கி அதில் 22 பங்கு. அதாவது ஏறக்குறைய ஐந்தரை மில்லிமீட்டர். இன்று உலகெங்கும் மிகுதியாய் வழங்கும் ‘லாங் ரைபிள்’ என்னும் வகைத் தோட்டா 1887-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் கம்பெனியாரால் வெளியிடப்பட்டது. இதன் குண்டு சாதாரணமாக 40 கிரெயின் நிறையுள்ளது. 7,000 கிரெயின் கொண்டது ஒரு ராத்தல். நம் நாட்டு வழக்கில் சொன்னால், ஒரு பவுன் பொன்னின் நிறையில் மூன்றில் ஒரு பங்குக்கு இக்குண்டின் நிறை சமமாகும். குழலின் வாயைவிட்டு வெளிப்படும்போது இது வினாடிக்குச் சுமார் 1,200 அடி வேகத்தில் செல்லும்.

இத்தோட்டா இலக்குப் பயிற்சிக்காகவும், முயல், அணில் போன்ற சிறு பிராணிகளை அவற்றை வேட்டையாட அநுமதியுள்ள தேசங்களில் சுடுவதற்காகவும் ஏற்பட்டது. அவ்வேலைக்கு இதைவிடச் சிறந்த தோட்டா இல்லை எனலாம். ஒலிம்பிக் போட்டிகளிலும் 50 மீட்டர் தூர இலக்கை இதைக் கொண்டே சுடுகின்றனர். ஆகவே இத்தோட்டாவை இகழ்வதற்கு ஒன்றுமில்லை. கதிர் அறுக்கும் அரிவாள் நல்ல கருவியே. ஆனால் அதைக்கொண்டு பலாமரத்தை வெட்ட முடியாது. கருவியின் நன்மை தீமையை அது செய்ய வேண்டிய வேலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

வலிமையைக் கணக்கிடும் முறை

ஒரு குண்டின் தாக்கும் வலிமையை அறியச் சுலபமான கணக்கு ஒன்றுண்டு. குண்டின் நிறையைக் கிரெயினில் எடுத்துக்கொண்டு, அதன் வேகத்தை வினாடிக்கு இத்தனை அடி என்று கொண்டு, வேகத்தை வேகத்தால் பெருக்கி, அதை நிறையால் பெருக்கி, வந்த தொகையை 4,50,240-ஆல் வகுத்தால் கிடைப்பது அடி-ராத்தல் கணக்கில் அக்குண்டின் வலிமை. ஒரு ராத்தல் எடையை ஓர் அடி உயரம் தூக்குவதற்கு வேண்டிய சக்தியே ஓர் அடி-ராத்தல் ஆகும்.

இக்கணக்கின்படி பாயிண்ட் 22 லாங் ரைபிள் குண்டின் வலிமை குழல்வாயில் ஏறக்குறைய 128 அடி-ராத்தல். நூறு கஜ தூரம் செல்வதற்குள் வேகம் வினாடிக்குச் சுமார் 1,000 அடியாகக் குறைந்து, வலிமை 90-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. அன்றியும், 50 கஜத்தில் குறி சரியாய் விழும்படி அமைத்த துப்பாக்கியில், அதே குண்டு 100 கஜத்தில் சுமார் ஆறு அங்குலம் தாழ்ந்து விழும். இருட்டில் தூரத்தைச் சரியாக மதிக்க முடியாத நிலையில் இவ்வாறு அங்குலம் என்பது பன்றியின் மூளைக்கும் தாடைக்கும் உள்ள வித்தியாசம். சாவுக்கும் காயத்துக்கும் உள்ள வித்தியாசம்.

இதனுடன் மற்றத் தோட்டாக்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்யப்பட்டு இந்தியாவில் வழங்கும் பாயிண்ட் 315 ரைபிளின் குண்டு 244 கிரெயின் நிறையுள்ளது. அதன் வேகத்தை வினாடிக்கு 2,000 அடி என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் வலிமை 2,100 அடி-ராத்தலுக்கு மேற்படும். அதாவது சிறு தோட்டாவைப்போல் பதினாறு மடங்கு. 12 போர் துப்பாக்கியில் ஓர் அவுன்ஸ் நிறையுள்ள ஒற்றைக் குண்டு வினாடிக்கு 1,500 அடி வேகத்தில் சென்றால் அதன் வலிமையும் ஏறக்குறைய அதே அளவினதாகும்.

இங்கு ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். குழலின் விட்டம் சிறிதாயிருப்பது மட்டும் குறையன்று. பாயிண்ட் 223 என்னும் வேறொரு தோட்டாவின் குண்டும் அகலத்தில் பாயிண்ட் 22-ஐ ஒத்ததே. ஆனால் அது 55 கிரெயின் நிறையோடு வினாடிக்கு 3,200 அடி வேகத்தில் செல்வதால், குழல்வாயில் 1,250 அடி-ராத்தல் வலிமை உடையதாகிறது. ஒரே அகலமுள்ள இரு குண்டுகளில் ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு வலியது. ஆகவே ‘சிறு குழல்’ என்ற பெயரை மாத்திரம் கொண்டு ஒரு துப்பாக்கியை மதிக்கலாகாது. குண்டின் நிறை, வேகம் ஆகிய இரண்டையும் சேர்த்தே மதிக்க வேண்டும்.

பன்றியின் உடலமைப்பு

நன்கு வளர்ந்த ஆண் பன்றி ஒரு குவிண்டால் நிறையைத் தாண்டும். அதன் தோளின் மீதும் விலாவின் முன்புறத்திலும் தோலுக்கடியில் நார்போன்ற கெட்டியான தசைப்படலம் ஒன்று கேடயம்போல் படர்ந்திருக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பன்றிகள் ஒன்றையொன்று கொம்புப் பல்லால் குத்திப் போரிடும்போது உடலைக் காப்பதற்கென்று இயற்கை அளித்த கவசம் இது. வயதேற ஏற இது தடித்து வரும். இதன்மேல் சேறு பூசிக் காய்ந்திருக்குமானால் இன்னும் கடினமாகும். இருதயமும் நுரையீரலும் இக்கவசத்துக்கும் தோள் எலும்புக்கும் பின்னால், முன்னங்கால்களுக்கிடையே தாழ்வாக அமைந்துள்ளன.

மெல்லிய ஈயத்தாலாகிய 40 கிரெயின் குண்டு இக்கவசத்தில் பட்டால் பெரும்பாலும் தசையிலேயே நின்றுவிடும்; அல்லது எலும்பில் பட்டு நசுங்கும். பன்றி விழாது, ஓடும். வயிற்றில் பட்டால் குண்டு உள்ளே புகும். ஆயினும் அப்பன்றி உடனே சாவதில்லை. இரண்டு மூன்று நாள் புதரில் கிடந்து சீழ்பிடித்துத் துன்புற்றுச் சாகும். காதுக்கும் கண்ணுக்கும் இடையே மூளையைக் குறித்து, மிக அருகிலிருந்து, அசையாது நிற்கும் பன்றியின்மேல் சுட்டால் மட்டுமே சிறு தோட்டா அதை நின்ற இடத்திலேயே வீழ்த்த வல்லது. இரவில், மண்ணைக் கிளறிக்கொண்டு ஓயாமல் தலையை ஆட்டும் பன்றியினிடத்தில் அத்தகைய வாய்ப்பை எதிர்பார்ப்பது அறிவுடைமையாகாது.

எதிர்வாதங்களும் விடையும்

சிறு தோட்டாவை ஆதரிப்போர் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1953-ஆம் வருஷம் மே மாதத்தில் கானடா தேசத்து ஆல்பர்ட்டா மாகாணத்தில், கிரீ என்னும் பழங்குடியைச் சேர்ந்த பெல்லா டுவின் என்ற மாது, ஒரு பழைய ஒற்றைத் தோட்டாப் பாயிண்ட் 22 ரைபிளால் மிகப் பெரிய கிரிஸ்லி கரடியொன்றைக் கொன்றார். அக்கரடியின் மண்டையோடு அக்காலத்தில் உலகிலேயே பெரியதெனக் கணிக்கப்பட்டது. இது உண்மையே. ஆனால் அவர் வேட்டைக்கென்று கரடியைத் தேடிச் சென்றவரல்லர். கரடி மிக அருகில் வந்துவிட்ட நிலையில், வேறு வழியின்றி, தலையின் பக்கவாட்டில் மண்டை மெலிந்த இடம் பார்த்துச் சுட்டார். கரடி விழுந்த பின்னரும் எழுந்துவிடாதிருக்க மேலும் பல தோட்டாக்களை அதே இடத்தில் செலுத்தினார். அவர் ஆயுள் முழுதும் காட்டில் பழகிய கைதேர்ந்தவர். உயிருக்கு ஆபத்து நேர்ந்த வேளையில் ஒருவர் செய்து தப்பிய செயலை, எல்லோரும் தினந்தோறும் கைக்கொள்ளத்தக்க முறையென்று கொள்வது தவறு. ஆற்று வெள்ளத்தில் வாழைத்தண்டைப் பிடித்துக் கரையேறினவன் ஒருவன் உண்டு என்பதற்காக வாழைத்தண்டைத் தோணியென்று கூறலாமா?

இரண்டாவதாக, பெல் என்ற ஸ்காத்லாந்து வேட்டைக்காரர் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைப் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் சிறு குழல் ரைபிளால் சுட்டார் என்பதைச் சிலர் கூறுவர். அந்த ரைபிளின் குண்டு 173 கிரெயின் நிறையுள்ளது. வலிமை ஏறத்தாழ 2,000 அடி-ராத்தல். அகலத்தில் சிறியதாயினும் வலிமையில் அது பாயிண்ட் 22-ஐப்போல் பதினைந்து மடங்குக்கு மேற்பட்டது. அன்றியும் அவர் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை இருக்குமிடத்தை எல்லாக் கோணங்களிலிருந்தும் மனப்பாடம் செய்தவர். அவருடைய உதாரணம் உணர்த்துவது குண்டு சிறிதானாலும் போதும் என்பதன்று; எய்பவனுடைய கல்வி பெரிதாயிருக்க வேண்டும் என்பதே.

மூன்றாவதாக, ஓசை குறைவு என்பது ஒரு சிறப்பாகக் கூறப்படுகிறது. மறைவாகச் சுடுவோர்க்கு அது சிறப்பாகலாம். அநுமதி பெற்று வெளிப்படையாகப் பயிரைக் காப்பவருக்கு ஓசை ஒரு குறையன்று. சொல்லப்போனால், கூட்டத்தில் எஞ்சிய பன்றிகளை அன்றிரவு விரட்டுவதற்கு அந்த ஓசையே உதவுகிறது.

அண்டை அயலாருக்கு ஆபத்து

பாயிண்ட் 22 ‘சிறுவர் துப்பாக்கி’ என்று எண்ணி அலட்சியமாய் நடப்பவர் பலர். அதன் குண்டு மேல்நோக்கிச் சுடப்பட்டால் ஒரு மைலுக்கு அப்பாலும் சென்று விழ வல்லது. தோட்டாப் பெட்டிகளின் மேலேயே இவ்வெச்சரிக்கை அச்சிடப்படுவது வழக்கம். நிறை குறைந்த இக்குண்டு, பாறையிலும் கெட்டியான செம்மண்ணிலும், குளத்து நீரின்மேலும்கூடப் பட்டுத் தெறித்து எதிர்பாராத திசையில் பாயும் குணமுடையது.

கன்னியாகுமரி ஜில்லாவின் நிலைமையை இங்குச் சிந்திக்க வேண்டும். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இங்கே சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் வசிக்கின்றனர். வீடுகள் ஓரிடத்தில் கூட்டமாயிராமல் விளைகளுக்கிடையே தனித்தனியே சிதறியிருப்பது கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் வழக்கம். ஒரு விளைக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே கயாலையொன்றும் நாலு தென்னையுமே இருக்கும். இத்தகைய இடத்தில் இரவில் எத்திசையை நோக்கிச் சுட்டாலும் அத்திசையில் ஒரு மைலுக்குள் ஒரு வீடாவது இல்லாமலிராது. அகன்ற மேய்ச்சல் நிலங்களையுடைய தேசங்களில் எழுதப்பட்ட வேட்டை நூல்களின் புத்திமதிகள் இந்நிலத்துக்கு அப்படியே பொருந்தா.

காயம்பட்ட பன்றி

எல்லாவற்றினும் முக்கியமானது இது. காயம்பட்ட பன்றி மலையை நோக்கித் திரும்பி ஓடுமென்பது நிச்சயமில்லை. அருகிலுள்ள அடர்ந்த இடத்தில் புகுந்து படுத்துக்கொள்வதே அதன் இயல்பு. இந்த ஜில்லாவில் மலையடிவாரத்தில் அவ்வாறு அடர்ந்திருப்பவை பெரும்பாலும் களையெடுக்காத ரப்பர் தோட்டங்களும், காடுபிடித்துக் கிடக்கும் தரிசு விளைகளுமே. அத்தோட்டங்களில் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டத் தனியே நுழைபவர் ரப்பர் தொழிலாளர். துன்பத்தால் வெறிகொண்ட பன்றி, தன்னைச் சுட்டவன் யார், பால் வெட்ட வந்தவர் யார் என்று வேறுபடுத்தி அறியாது. அதன் தாக்குதல் வேகமானது. கொம்புப் பல் தொடையின் உட்புறத்து இரத்தக் குழாயைக் கிழிக்குமானால், ஆஸ்பத்திரி சேருமுன் உயிர் போய்விடக்கூடும். முதல் நாள் இரவு ஒருவர் தம் கிழங்கைக் காக்கச் செலுத்திய போதாத குண்டுக்கு, மறுநாள் விடியற்காலையில் சம்பந்தமில்லாத மற்றொருவர் விலை கொடுக்க நேர்கிறது. ‘போதுமா’ என்ற கேள்வி வேட்டைக்காரனுடைய கௌரவத்தைப் பற்றியதன்று, அயலானுடைய உயிரைப் பற்றியது என்பது இதனால் விளங்கும்.

சட்டங்கள் கூறுவது

இக்காரணங்களை உணர்ந்தே பிற தேசங்களில் குண்டின் குறைந்தபட்ச வலிமையைச் சட்டத்தில் விதித்துள்ளனர். இங்கிலாந்தில் 1991-ஆம் வருஷத்து மான் சட்டப்படி, பாயிண்ட் 240 அங்குலத்துக்குக் குறைந்த குழலும், 1,700 அடி-ராத்தலுக்குக் குறைந்த வலிமையும் உள்ள ரைபிளால் மானைச் சுடலாகாது. உருவில் மிகச் சிறிய இரு மான் வகைகளுக்கு மட்டும் 2007-இல் இவ்விதி தளர்த்தப்பட்டது. அவற்றுக்கும் 1,000 அடி-ராத்தலுக்குக் குறையலாகாது என்றே விதித்தனர். தோலில் கவசமற்ற சிறு மானுக்கே 1,000 வேண்டுமெனில், கவசமணிந்த பன்றிக்கு 128 போதாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இந்தியாவில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு இவ்விஷயத்தில் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று மெய்யாகவே வேண்டுவோர்க்கு வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வழங்குவதை அப்பிரிவு கூறுகிறது. அத்துப்பாக்கி பயிரைக் காக்கப் போதாதென்று லைசென்ஸ் அதிகாரி கருதினால், உட்புறம் வரியில்லாத வழுவழுப்பான குழலையுடைய வேறு துப்பாக்கிக்கு அநுமதி தரலாம் என்றும் கூறுகிறது. பாயிண்ட் 22 ரைபிளைப் பற்றியும் அதே பிரிவு பேசுகிறது. ஆனால் ரைபிள் சங்கத்து அங்கத்தினர் இலக்குப் பயிற்சி செய்வதற்கான ஆயுதம் என்ற முறையில்தான். பயிர்க் காவலுக்கு ஒன்று, பயிற்சிக்கு மற்றொன்று என்று அச்சட்டத்தை எழுதினவர்களே வகுத்து வைத்திருக்கின்றனர்.

துப்பாக்கி லைசென்ஸ் இருப்பதனால் மட்டும் பன்றியைச் சுடும் உரிமை வந்துவிடுவதில்லை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் அமுலுக்கு வந்த அட்டவணைகளில் காட்டுப்பன்றி இரண்டாவது அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி, மனித உயிருக்கோ, நின்ற பயிர் உள்ளிட்ட சொத்துக்கோ ஆபத்தாகிவிட்ட இவ்வட்டவணை மிருகத்தைச் சுடத் தலைமை வன உயிரினக் காவலரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ எழுத்து மூலம் உத்தரவிடலாம். உத்தரவின்றிச் சுடுவோர்க்கு மூன்று வருஷம் வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். ஜில்லாவின் மலைப்பகுதியில் 402 சதுர கிலோமீட்டர் அளவில் கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் அமைந்திருக்கிறது. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் தண்டனை மூன்று வருஷத்துக்குக் குறையாது. ஏழு வருஷம் வரை நீளும்.

தற்காப்புக்காக நல்லெண்ணத்துடன் ஒரு மிருகத்தைக் கொன்றால் அது குற்றமாகாது என்று அதே பிரிவு கூறுகிறது. ஆனால் அத்தற்காப்பு அவசியமான தருணத்தில் ஒருவர் இச்சட்டத்தை மீறிய செயலொன்றைச் செய்துகொண்டிருந்தால் அப்பாதுகாப்பு அவருக்கு இல்லை. அதாவது, உத்தரவின்றிச் சிறு தோட்டாவால் பன்றியைக் காயப்படுத்தி, அது திரும்பிப் பாய்ந்தபோது அதைக் கொன்றவர், உயிரைக் காக்கவே சுட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது. கொல்லப்பட்ட மிருகம் சர்க்காருடைய சொத்து. இறைச்சியைப் பங்கிடுவதும் விற்பதும் வேறு குற்றங்களாகும்.

தமிழ்நாடு சர்க்கார் 2025 ஜனவரியில் காட்டுப்பன்றி சம்பந்தமாகப் பிறப்பித்த உத்தரவு நிலங்களை மூன்று வளையங்களாகப் பிரிக்கிறது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குட்பட்ட இடத்தில் பன்றியைச் சுடலாகாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரையுள்ள இடத்தில் அதைப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வன இலாகாச் சிப்பந்திகள் சுடலாம். அண்டையிலுள்ள கேரளத்திலோ 2022 மே மாதத்து முடிவின்படி, ஸ்தல ஸ்தாபனத் தலைவர் அநுமதியுடன் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்போரைக் கொண்டு சுடும் ஏற்பாடு செய்யப்பட்டது. எல்லைக்கு அப்பால் கூடியது இப்பால் கூடாதா என்று விளவங்கோட்டுக் குடியானவர்கள் கேட்பது இயல்பே. மேலும், தடிக்காரன்கோணம், கீரிப்பாறை, பேச்சிப்பாறை போன்ற இடங்களில் காட்டோடு ஒட்டிக்கிடக்கும் விளைகள் முதல் வளையத்தில் அடங்குவதால், சேதம் மிகுந்த இடத்திலேயே சுடும் பரிகாரம் இல்லையென்பதும் உண்மை. ஆகவே அவ்விளைகாரர் வேலியையும் காவலையுமே நம்ப வேண்டியவராகின்றனர். தம் நிலம் எவ்வளையத்தில் உள்ளதென்பதை ஒவ்வொருவரும் வன இலாகா அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்வது முதற்கடமை.

உத்தரவு பெற்றவர்க்குத் தகுந்த ஆயுதம்

உத்தரவின்பேரில் சுடுவோர்க்கு இந்த ஜில்லாவின் நிலைக்கு ஏற்றது 12 போர் தோட்டாத் துப்பாக்கியாகும். குழலின் உட்புறத்துக்குச் சரியான ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு ராத்தல் நிறையாகும். அதனாலேயே அதற்கு அப்பெயர் வந்தது. ஒற்றைக் குண்டு போட்டால் 50 கஜம் வரையிலும், அவுன்சுக்கு 6 அடங்கும் எல்.ஜி. அல்லது 8 அடங்கும் எஸ்.ஜி. ரவை போட்டால் 30 கஜம் வரையிலும் நம்பிச் சுடலாம். பறவைக்குரிய சிறு ரவை பன்றிக்கு உதவாது. சிறு தோட்டாவைப்போலவே காயப்படுத்த மட்டுமே செய்யும். பாயிண்ட் 315 ரைபிள் வலிமையில் குறைவற்றதாயினும், அதன் குண்டு வெகுதூரம் செல்வதால், பின்னால் மண்மேடு இருக்கும் இடத்தில், பரண் அல்லது ஏறுமாடத்தின் மேலிருந்து கீழ்நோக்கிச் சுடும்போதே அதை உபயோகிக்கலாம். எந்த ஆயுதமானாலும், பன்றியை ஐயமறக் காணாமலும், குண்டு எங்கே போய் நிற்குமென்று அறியாமலும் குதிரையை இழுக்கலாகாது.

குடியானவர் செய்யத்தக்கவை

முதலாவது, பன்றி பகலில் ஒதுங்கும் இடங்களை அழிக்க வேண்டும். தரிசு விளையிலும் ஓடைக்கரையிலும் மண்டிய புதர்களை ஊரார் ஒன்றுகூடி வெட்டினால் பாதித் தொல்லை குறையும். ஒருவர் தம் விளையைத் துப்புரவாக்கி, அடுத்தவர் சும்மாயிருந்தால் பயனில்லை.

இரண்டாவது, சூரியசக்தி வேலி. இது நொடிப்பொழுது மட்டும் தாக்கும் மின்விசையைக் கம்பிகளில் விட்டுவிட்டுச் செலுத்துவதால் மிருகம் அஞ்சி விலகுமேயன்றிச் சாகாது. பன்றி மூக்கால் மண்ணை உழுதுகொண்டு வருவதாகையால், அடிக்கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேற்படாமலிருக்க வேண்டும். கம்பியில் புல்லும் கொடியும் படர்ந்தால் விசை தரையில் இறங்கி வீணாகும். இரு பருவ மழையும் பெய்யும் இந்நாட்டில் வாரந்தோறும் களை நீக்குவது அவசியம். காட்டை ஒட்டிய இடங்களில் இவ்வேலியை அமைப்பதற்குத் தமிழ்நாடு மின்வேலி விதிகள் 2023-இன்படி வன இலாகாவில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சர்க்கார் உதவியைப் பற்றி வேளாண்மைப் பொறியியல் இலாகாவில் விசாரித்தறியலாம்.

மூன்றாவது, அகழி. இது நல்ல தடையே. ஆயினும் மழையில் கரை சரிந்துவிடுமாதலால் ஆண்டுதோறும் செப்பனிட வேண்டும். கிழங்கு முற்றும் காலத்தில் நாலைந்து விளைகாரர் முறைவைத்து இரவில் காவலிருப்பது பழைய வழக்கம். இன்றும் பயன் தருவது. மரச்சீனியைக் காட்டோர வரிசையில் இடாமல் உட்புறத்தில் இடுவதும் நன்று. சேதம் நேர்ந்தால், கிளறிய நிலத்தைத் திருத்துமுன் படமெடுத்து, கிராம நிர்வாக அதிகாரிக்கும் வன இலாகாவுக்கும் தாமதமின்றி அறிவித்து நஷ்டஈடு கோர வேண்டும்.

வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக் கம்பியில் இணைப்பதும், பழத்தினுள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் அவுட்டுக்காயும் எக்காரணங் கொண்டும் கூடா. 2023 மார்ச்சில் தர்மபுரி ஜில்லா மாரண்டஹள்ளிக்கு அருகே திருட்டு மின்வேலியில் அகப்பட்டு மூன்று யானைகள் ஒருங்கே மாண்டன. அவற்றின் இரண்டு குட்டிகள் தாயற்றவையாயின. 2020 மே மாதத்தில் பாலக்காட்டுப் பகுதியில் வெடி வைத்த காயைக் கடித்து வாய் சிதைந்த சினை யானை ஆற்று நீரில் நின்றபடியே இறந்தது. பன்றிக்கென்று வைத்தது பன்றியையே தேடிப் போவதில்லை. விடியற்காலையில் வரப்பு பார்க்க வந்த சொந்தக்காரரே அக்கம்பியில் விழுந்து மாண்ட செய்திகளும் பல.

சுருங்கக் கூறின், பாயிண்ட் 22 தோட்டா இலக்குப் பலகைக்குப் போதும், காட்டுப்பன்றிக்குப் போதாது. அதனால் பன்றி சாவதைவிடக் காயப்படுவதே அதிகம். பயிர் பிழைப்பதைவிட அயலார்க்கு ஆபத்து நேர்வதே அதிகம். முடிவில் நஷ்டத்தோடு வழக்கும் வந்து சேரும். மலையடிவாரக் குடியானவர்கள் வேலிக்கும் காவலுக்கும் ஒன்றுபட்டுச் செலவிடும் பணமும் உழைப்பும் வீண்போகா. சுட வேண்டிய நிலை வருமாயின், அதற்குரிய உத்தரவோடு, அதற்குரிய ஆயுதத்தை, அதில் தேர்ந்தவர் கையாளும்படி விடுவதே பயிருக்கும் உயிருக்கும் நன்மை பயப்பதாகும்.